எது புயல் கூண்டு, எது வெறும் நுரை? டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிரெண்டுகளைத் தினமும் படிக்க ஒரு கடற்கரை வழி!

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்தால் போதும். கடலூர் பக்கம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சிவப்பு நிற வரைபடம் ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். 'இன்று இரவே கரையைக் கடக்கிறது', 'இதுவரை பார்க்காத புயல்', 'உடனே பகிரவும்'... அது எந்த வருடத்து வரைபடம், யார் போட்டது என்றெல்லாம் அதில் இருக்காது. ஆனால், தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு. கடலூர் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்?

1 முதல் 11 வரை எண்கள். 1 என்றால் தூரத்தில் எங்கோ புயல் உருவாகியிருக்கிறது, கவனமாக இரு என்று அர்த்தம். 10 என்றால் உச்சகட்ட அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்துடனான தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. ஸ்மார்ட்போன் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே கடற்கரை மக்கள் 'நோட்டிஃபிகேஷன்' பார்த்த முறை இதுதான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, இந்த எண்களின் அருமை கடற்கரையைத் தாண்டி உள்ளூர்க்காரர்களுக்கும் புரிந்தது.

இப்போது கடலூர் மாவட்டத்தில் கடலோடு சேர்த்து இன்னொரு கடலையும் பார்த்தபடி பிழைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நெத்திலிக் கருவாட்டை இன்ஸ்டாகிராமில் விற்கிறவர்கள், பண்ருட்டி முந்திரியை வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் எடுக்கிறவர்கள், சில்வர் பீச்சுக்கு வருகிறவர்கள் கூகுள் மேப்பில் தங்கள் கடையைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று தவிக்கிறவர்கள், டிகிரி முடித்துவிட்டு 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எனப் பட்டியல் நீளம்.

இவர்கள் எல்லோரும் காலையில் போனை எடுத்தால் எதிரில் நிற்பது அதே சிவப்பு வரைபடம்தான். 'அல்காரிதம் மாறிவிட்டது', 'இனி ஹேஷ்டேக் வேலை செய்யாது', 'எஸ்.இ.ஓ செத்துவிட்டது', 'ஏ.ஐ தெரியாவிட்டால் கடையை மூடுங்கள்'. தினமும் படிக்கச் சொல்கிறார்கள், சரி. எதைப் படிப்பது? அதில் எது கூண்டு, எது வெறும் நுரை?

ஒரே இரவில் காணாமல் போன கடை

படிக்காமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. புடவை விற்றவர், மசாலாப்பொடி விற்றவர், பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியவர் என எல்லோரும் வருடக்கணக்கில் சேர்த்த ஃபாலோயர்கள் ஒரே இரவில் கைவிட்டுப் போனார்கள். அந்த ஃபாலோயர்களில் ஒருவருடைய போன் நம்பர்கூடப் பலரிடம் இல்லை என்பதுதான் இதில் பெரிய வலி. வாடிக்கையாளர்கள் இருந்தது அடுத்தவர் வீட்டுத் திண்ணையில். வீட்டுக்காரர் கதவைச் சாத்தியதும் திண்ணையும் போய்விட்டது.

அது எதிர்பாராத அடி என்றுதான் இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2019 ஏப்ரல் 3 அன்று, டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி உத்தரவிட்டது வேறு யாருமல்ல, நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கூகுள், ஆப்பிள் ஸ்டோர்களில் இருந்து செயலி நீக்கப்பட்டது. அந்த மாதம் 24-ம் தேதி தடை விலக்கப்பட்டதும் எல்லோரும் மறந்துபோனார்கள். ஒரு செயலியின் உயிர் நீதிமன்றத்தில் ஊசலாடுகிறது என்ற செய்தி எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் வந்தது. அதைச் சினிமாச் செய்தி போலக் கடந்துபோனவர்கள் அதிகம். 'நம் கடை அங்கேதானே இருக்கிறது, வாடிக்கையாளர் நம்பரையாவது வாங்கி வைப்போம்' என்று யோசித்தவர்களுக்கு 14 மாத அவகாசம் கிடைத்திருந்தது. 1-ம் எண் கூண்டு மதுரையில் ஏறியிருந்தது!

தடைக்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2020 ஜூலை 8-ம் தேதியே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலில் சோதித்துப் பார்த்ததும் இந்தியாவில்தான். பத்தே நாட்களில் அடுத்த கதவு திறந்துவிட்டது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு, முதல் ஆளாக உள்ளே போனவர்களும் இருந்தார்கள். டிக்டாக் திரும்ப வரும் என்று காத்துக் கிடந்தவர்களும் இருந்தார்கள்.

தேவனாம்பட்டினத்து 'ரீச்'!

மார்க்கெட்டிங் உலகம் மூச்சுக்கு மூச்சு உச்சரிக்கும் 'ரீச்' என்ற சொல்லுக்கு தேவனாம்பட்டினத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1690-ல் இங்கிருந்த கோட்டையை மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பின்னாளில் புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். எல்லாத் திசைகளிலும் சுட்டார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. வியாபாரக் கம்பெனி ஒன்று தன் ரீச்சை அளந்து சொந்தமாக்கிக்கொண்ட சம்பவம் இதைவிட வெளிப்படையாக வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்றைய ரீச்சில் அந்த வசதி இல்லை. குண்டு விழுந்த இடம் நமக்குச் சொந்தமாவதில்லை, வாடகைக்குத்தான் கிடைக்கிறது. வாடகையையும் அவர்கள்தான் நிர்ணயிப்பார்கள். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், இனி நண்பர்கள், குடும்பத்தினர் போடும் பதிவுகளுக்கே முன்னுரிமை, நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகத்தான் தெரியும் என்று அறிவித்தது. மார்க் ஸக்கர்பெர்க் தன் பக்கத்திலேயே எழுதிய அறிவிப்பு அது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இருந்தும், 'நம் பேஜுக்கு முன்பு மாதிரி லைக் வருவதில்லையே, யாரோ கண் வைத்துவிட்டார்கள்' என்று மாதக்கணக்கில் புலம்பிய கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். கண் வைத்தது யார் என்பது அந்த ஒரு பக்க அறிவிப்பிலேயே இருந்தது!

ஒலிபெருக்கியில் ஒரு வரி

தினசரி வாசிப்பை எப்படிச் செய்வது என்பதற்கு அமெரிக்க மார்க்கெட்டிங் குருக்களிடம் போக வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே, புதுச்சேரிக் கடற்கரையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று மீனவ ஊரான வீராம்பட்டினம். கையில் ஸ்மார்ட்போன் கிடையாது, இன்டர்நெட் என்றால் என்னவென்றே ஊரில் பலருக்குத் தெரியாத காலம். வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அங்கே எடுத்தார்கள். ஆங்கிலத்திலும் எண்களிலும் வரைபடமாகவும் இருந்த அந்த விவரத்தை அப்படியே ஊருக்குக் கொடுக்கவில்லை. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று ஊர்ப் பேச்சில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கேட்டவர் முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் 2004 டிசம்பர் 26 அன்று உயிர் காத்தது. பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்தார். தகவல் மையத்து ஒலிபெருக்கி உடனே அலறியது. மக்கள் மேட்டுப் பகுதிக்கு ஓடினார்கள். எச்சரிக்கை எதுவும் எட்டாத தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் அன்றைக்கு நடந்ததைக் கடலூரில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை.

இன்று அந்த வேலையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் செய்கிறது. கடலின் மேற்பரப்பு வெப்பம், பாசி நிறமியின் அளவு ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் எங்கே கூடும் என்பதைக்கூடச் சொல்கிறது. 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்ற செயலியில் அந்தத் தகவல் தமிழிலேயே வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. மூலத்தில் இருந்து நேரடியாக எடுத்தார்கள். தினமும் எடுத்தார்கள். 'நமக்கு இதனால் என்ன' என்று ஒரு வரியில் மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவதுதான் கடினமானது, அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. நாற்பது நியூஸ்லெட்டர்களுக்குப் பதிவு செய்துவிட்டு, எல்லாவற்றையும் 'அப்புறம் படிக்கலாம்' என்று சேமித்துவைப்பது வாசிப்பு ஆகாது. கருவாட்டைக் காயவைக்காமல் கூடையிலேயே விட்டுவிடுவது போன்றது அது. நாலாம் நாள் நாற்றம்தான் மிச்சம்.

இரண்டு செய்திகள், இரண்டு எடைகள்

நுரைக்கும் கூண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய, சமீப ஆண்டுகளின் இரண்டு பெரிய செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது 'குக்கீ'. நீங்கள் ஒரு தளத்தில் செருப்பு பார்த்துவிட்டு வந்தால், அடுத்த பத்து நாட்களுக்குப் போகிற இடமெல்லாம் அதே செருப்பு விளம்பரம் துரத்துகிறதே, அந்த வேலையைச் செய்யும் சின்னக் குறிப்புதான் மூன்றாம் தரப்பு குக்கீ. இரண்டு ஆண்டுகளில் குரோம் பிரவுசரில் இருந்து இதை நீக்கிவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. மார்க்கெட்டிங் உலகமே ஆடிப்போனது. 'குக்கீ இல்லாத எதிர்காலம்' என்று கட்டுரைகள், கருத்தரங்குகள், கட்டணப் பயிற்சிகள். தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் 2024 ஜூலையில், அந்தத் திட்டத்தையே கைவிடுவதாக கூகுள் சொல்லிவிட்டது. நாலரை ஆண்டுகள் ஓடிய இந்தச் செய்தியால் பெரிய விளம்பர நிறுவனங்களுக்குத் தலைவலி இருந்தது உண்மை. இன்ஸ்டாகிராமில் இறால் ஊறுகாய் விற்கும் ஒருவருக்கு? ஒன்றுமே இல்லை. அதைப் பற்றி அவர் நூறு கட்டுரைகள் படித்திருந்தால், நூறு கட்டுரை நேரமும் வீண்.

இரண்டாவது, யுனிவர்சல் அனலிட்டிக்ஸ். தங்கள் வலைதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எதை வாங்கினார்கள் என்று கணக்கு வைக்க உலகம் முழுவதும் பயன்படுத்திய கூகுள் கருவி அது. 2023 ஜூலை 1 முதல் அது இயங்காது என்று கூகுள் 2022 மார்ச்சிலேயே அறிவித்தது. சொன்னபடி நிறுத்தியது. அடுத்த ஜூலையில் பழைய கணக்குகளையும் பார்க்க முடியாமல் போனது. அறிவிப்பைப் படித்தவர்கள் தங்கள் பழைய விவரங்களை எக்செல் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டார்கள். படிக்காதவர்களுக்கு 'போன வருடம் தீபாவளிக்கு எவ்வளவு பேர் வந்தார்கள்' என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லாமல் போய்விட்டது. சத்தமே இல்லாத இந்த அறிவிப்புதான் நிஜமான கூண்டு. தேதி இருந்தது, செய்ய வேண்டிய வேலை இருந்தது, செய்யாவிட்டால் வரும் நஷ்டமும் தெளிவாக இருந்தது.

எந்தச் செய்தியைப் படித்தாலும் இந்த மூன்றையும் தேடிப் பார்க்கலாம். தேதி இல்லை, வேலை இல்லை, நஷ்டமும் இல்லை என்றால், அது எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும் கடந்துபோய்விடலாம்.

வாட்ஸ்அப் விஷயத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல், நிறுவனங்கள் மென்பொருள் வழியாக அனுப்பும் விளம்பரச் செய்திகளுக்கு, ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடப்படுகிறது. அதற்கு முன்பு, 24 மணி நேர உரையாடலுக்கு ஒரு கட்டணம் என்ற முறை இருந்தது. 'இனி வாட்ஸ்அப்புக்குப் பணம்!' என்று இது ஃபார்வர்டாகச் சுற்றியபோது வீட்டிலிருந்து முறுக்கு விற்பவர்களும் பதறினார்கள். அவர்கள் போனில் வைத்திருக்கும் சாதாரண 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலிக்கும் அந்தக் கட்டணத்துக்கும் தொடர்பே இல்லை. அறிவிப்பை அதன் மூலத்தில் இரண்டு நிமிடம் படித்திருந்தால் பதற்றம் மிச்சம்.

எதைப் படிப்பது?

மூலம் என்றால் என்ன? கூகுள் தேடலில் மாற்றம் என்றால் 'கூகுள் சர்ச் சென்ட்ரல்' தளத்தின் அறிவிப்புப் பக்கம். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்றால் மெட்டாவின் வணிகச் செய்திப் பக்கம். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி தன் கணக்கிலேயே மாற்றங்களைப் பேசிப் போடுகிறார். லைக் கணக்கைவிட 'வியூஸ்' கணக்கே இனி முதன்மை என்று 2024-ல் அவரே சொன்னார். இவற்றைத் தொகுத்து எளிமையாகச் சொல்லும் தளங்களும் உண்டு. தேடல் பற்றி 'சர்ச் என்ஜின் லேண்ட்', 'சர்ச் என்ஜின் ரவுண்ட்டேபிள்' ஆகிய இரண்டும் இருபது ஆண்டுகளாக இதே வேலையாக இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலம் என்பது ஒரு தடைதான். ஆனால், குரோம் பிரவுசரிலேயே 'தமிழில் மொழிபெயர்' என்று கொடுத்தால் சுமாரான தமிழில் வந்துவிடும். அந்தத் தமிழைப் பார்த்துச் சிரிப்பு வரும், செய்தி புரிந்துவிடும்.

இவற்றைப் படிக்கத் தினமும் இருபது நிமிடம் தாராளம். மார்க்கெட்டிங் பற்றிய ரீல்ஸ் பார்ப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 'இந்த மூன்று தப்பைச் செய்யாதீர்கள்' என்று விரலை நீட்டிப் பேசுபவர்களில் பலர், அந்த ரீலைத்தான் மார்க்கெட்டிங் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அரசு அறிவிப்புகளைப் படிப்பவர்கள் இன்னும் குறைவு. வியாபாரத்தை நேரடியாகப் பாதிப்பவை அவைதான். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, சமூக வலைதளப் பிரபலங்கள் காசு வாங்கியோ, பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டோ ஒன்றைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஊர் ஃபுட் ரிவ்யூவரை அழைத்து மீன் சாப்பாடு போட்டு வீடியோ எடுக்கச் சொல்லும் ஹோட்டல்காரர் இதை அறிந்திருப்பது நல்லது. வீட்டில் செய்து விற்கும் உணவுப் பொருளுக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு எண் வேண்டும் என்பதும் இப்படித்தான், பலருக்கு அதிகாரி வந்து நின்ற பிறகே தெரியவருகிறது.

எந்த வலைதளமும் சொல்லாத டிரெண்ட்

இதையெல்லாம் படித்தாலும் ஒரு விஷயம் விட்டுப்போகும். தேவனாம்பட்டினத்தின் டிரெண்டைக் கலிபோர்னியாவில் இருந்து யாரும் எழுதமாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 ஆனது. அந்த நாட்களில் மீன் வரத்து குறையும், விலை ஏறும், வீடுகளில் கருவாட்டுப் பானை திறக்கும். கருவாடு விற்பவருக்கு அதுதான் சீசன். விளம்பரத்துக்குச் செலவழிக்க வேண்டிய இரண்டு மாதங்களும் அவைதான். நேர்மாறாகப் புரட்டாசி. ஊரில் பாதிப் பேர் அசைவத்தைத் தள்ளிவைக்கிற மாதத்தில் 'ஃபெஸ்டிவல் சீசன், பட்ஜெட்டை இரட்டிப்பாக்குங்கள்' என்று ஆங்கிலக் கட்டுரை அறிவுரை சொல்லும். கேட்டு மீன் விளம்பரத்துக்குப் பணம் போட்டால், போனது போனதுதான். மாசி மகத்தன்று சுற்றுவட்டார ஊர்களின் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து சேரும். அன்றைக்கு சில்வர் பீச்சில் கூடும் கூட்டத்தில் எத்தனை பேர் 'பக்கத்தில் சாப்பாட்டுக் கடை' என்று போனில் தேடுவார்கள்! அந்த நேரத்தில் கூகுளில் 'இப்போது மூடியுள்ளது' என்று காட்டினால் கடை திறந்திருந்தும் பயனில்லை. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் விசேஷ நாட்களின் நேரத்தைத் தனியாகக் குறிக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது.

'கூகுள் டிரெண்ட்ஸ்' என்ற இலவசத் தளத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மாநிலத்தைத் தமிழ்நாடு என்று மாற்றிவிட்டு 'கருவாடு', 'முந்திரி' என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அடித்துப் பார்த்தால், ஐந்து வருடங்களில் எந்த மாதம் தேடல் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்பது கோடாகத் தெரியும். அதிகம் பேர் தேடாத சொல்லுக்குப் படம் வராது. அதுவும் ஒரு தகவல்தான்.

டிரெண்டை விரட்டாமலேயே பெரிய இடம் பிடித்தவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் இருந்து 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைத்து ஊருக்குச் சாப்பாடு போடும் அதே வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். டான்ஸ் டிரெண்ட், சேலஞ்ச் டிரெண்ட் எல்லாம் வந்து போயின, அவர்கள் அண்டாவை இறக்கவில்லை.

வேலை தேடுகிறவர்கள் கவனத்துக்கு

பெரியார் அரசு கலைக் கல்லூரி இருப்பதும் தேவனாம்பட்டினத்தில்தான். அங்கே படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஒரு கதவு. பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் நுழையலாம், வீட்டிலிருந்தும் செய்யலாம். அதனாலேயே இந்தக் கதவருகில் திருடர்களும் அதிகம்.

ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் சேரும் சில பயிற்சிகளில் கற்றுத்தருவதில் பெரும்பகுதி, கூகுளின் 'ஸ்கில்ஷாப்', மெட்டாவின் 'புளூபிரின்ட்', 'ஹப்ஸ்பாட் அகாடமி' ஆகியவற்றில் காசில்லாமல் கிடைக்கிறது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டமும் 2022 மார்ச் முதல் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளைத் தந்துவருகிறது. பணம் கட்டுவதற்கு முன், இவற்றில் ஒன்றை முடித்துப் பார்த்தாலே, கட்ட வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். இன்டர்வியூவில் சான்றிதழைவிட அதிகம் எடுபடுவது ஒரு சாதாரண நோட்டு. தினமும் படித்த ஒரு மாற்றம், அது எந்த மாதிரிக் கடையைப் பாதிக்கும், கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று தேதி போட்டு மூன்று வரி. ஆறு மாதம் எழுதினால் நூற்றைம்பது பதிவுகளுக்கு மேல் கையில் இருக்கும்.

திருட்டு வரும் வழி வேறு. 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் பகுதிநேர வேலை. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய்' என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறும். வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அடுத்து 'பிரீமியம் டாஸ்க்', அதற்கு முன்பணம், முன்பணத்தை எடுக்க இன்னொரு முன்பணம். இப்படி ஏமாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையில் 2023 டிசம்பரில் முடக்கினார்கள். ஆட்கள் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வருகிறார்கள். மார்க்கெட்டிங் எப்படி இயங்குகிறது என்று ஒரு மாதம் படித்தவருக்குக்கூட இந்த வலை பளிச்சென்று தெரிந்துவிடும். போலி லைக் வாங்குவதை யூடியூபே தடை செய்திருக்கும்போது, உண்மையான எந்த நிறுவனம் அதற்குச் சம்பளம் கொடுக்கும்?

பணம் கைமாறிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சைபர் குற்றப் புகார்களுக்கான தேசிய எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். மோசடி செய்தியின் ஸ்க்ரீன்ஷாட், பணம் போன யு.பி.ஐ பரிவர்த்தனை எண், வங்கியில் இருந்து வந்த எஸ்.எம்.எஸ் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் புகார் பதிவது எளிது.